பதினேழு மில்லிமீட்டர்

ஊரார் வயலையெல்லாம் அளந்து கொடுக்கிறவள்
என் பெட்டியை அளக்கவில்லை.

இராயக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
மாடியில் ஒற்றை அறை.
மேசையில், கடையிலேயே பூட்டிக் கொடுத்த
குட்டிக் கேமிங் கம்ப்யூட்டர்.
பதினெட்டு மாதத் தவணை போன மாதம்தான் தீர்ந்தது.
தீர்ந்த மறுநாளே அதற்கு வயதாகிவிட்டது.
புது விளையாட்டைத் திறந்தால்
குதிரை ஓடுவதில்லை,
ஒவ்வொரு படமாக நகர்கிறது
தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி.

பொம்மசந்திராவில் ஒரு பையன் விற்றான்:
நாலு மாதம் ஓடிய கிராபிக்ஸ் கார்டு,
இரண்டு விசிறி,
தனியாக மின்ஒயர் கேட்காதது.
அதை மட்டும் சரிபார்த்தேன்.
என் பெட்டியின் பவர் சப்ளை முந்நூறு வாட்,
உபரியாக ஒரு கொக்கிகூட கிடையாது.
ஓசூர் வரை அவன் வந்தான்.
ஓசூரிலிருந்து, பின்சீட்டில்
காலித் தக்காளிக் கிரேடுகளோடு கிரேடாக
மடியில் வைத்துக்கொண்டு நான் வந்தேன்.

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
தூசி. ஒரு பல்லிக்குட்டி, செத்து, காகிதமாகி.
பழைய கார்டு பல் விழுவதுபோல் வந்துவிட்டது.
புதியது
பாதி இறங்கி, மூக்கு போய்
ஹார்டு டிஸ்க் கூண்டில் முட்டி நின்றது.

வேலைக்குக் கொண்டுபோகும் ஸ்டீல் டேப்பை எடுத்தேன்.
இருநூற்று இருபத்தொன்பது வேண்டிய இடத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு.

பதினேழு மில்லிமீட்டர்.
சூளகிரிப் பக்கம் இதற்கு வழக்கு நடக்கிறது.
இதைவிடக் குறைவுக்கும்
வேலிக்கம்பு மண்டையில் இறங்கியிருக்கிறது.
அப்போதெல்லாம் நடுவில் நின்று
"புல வரைபடத்துல என்ன இருக்கோ அதாங்க"
என்று சொல்கிறவள் நான்.

இங்கே வரைபடம் இல்லை.
கம்பெனி தன் வசதிக்கு நட்ட எல்லை.
திருகாணி என்றால் அவிழ்க்கலாம்,
ரிவெட் அடித்திருக்கிறார்கள்.

சங்கிலி பிடிக்கிற திம்மராசுக்கு போன் போட்டேன்.
ஒன்பதரைக்கு டிரில்லோடு வந்தார்,
வாசலிலேயே கேட்டார்:
"எந்தக் கட்சிக்கு மேடம் அளக்கறோம்?"
ரெண்டு கட்சியும் நானேதான் என்றேன்.

கூண்டுக்குள் இருந்த பழைய டிஸ்க்கில்
டிப்ளமா நோட்டுகள், சம்பளச் சீட்டுகள்,
ஒருத்தனுடைய நூற்றுப் பத்து போட்டோ.
நோட்டீஸ் கொடுக்காமல் காலி செய்தேன்.
ஃபிரிட்ஜ் மேல் கிடக்கட்டும்.

இரும்புத்தூள் போர்டில் விழாமல்
திம்மராசு தன் துண்டை விரித்துப் போட்டார்.
ஐந்து ரிவெட்.
நாலாவதில் டிரில் வழுக்கி
வெளித்தகட்டில் ஒரு கோடு விழுந்தது,
எல்லைக்கல்லில் நாங்கள் வெட்டும் அம்புக்குறி அளவுக்கு.
இருவரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

கார்டு உட்கார்ந்தது. சின்ன சத்தம், டிக்.

விசிறிகள் சுழன்றன.
திரை கருப்பு.
எடுத்துப் போட்டேன், அழுத்திப் போட்டேன்,
பொம்மசந்திராப் பையனை மனசுக்குள் திட்டினேன்,
அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன்.
கருப்பு.
திம்மராசு குனிந்து பின்பக்கம் பார்த்து
"கீழ இன்னொரு ஓட்டை சும்மா இருக்குதே மேடம்" என்றார்.
மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகியிருக்கிறேன்.
பதினோரு வருட சர்வீஸ்.

அப்புறம் குதிரை ஓடியது.
புல் தனித்தனியாக அசைந்தது,
குளம்படியில் தண்ணீர் தெறித்து
அதில் வானம் உடைந்து சேர்ந்தது.
நான் எந்தப் பக்கமும் போனேன்.
போகப் போக ஒரு கல் இல்லை, ஒரு வேலி இல்லை.

வெகுநேரம் நின்று பார்த்தவர் கேட்டார்:
"இந்தப் பூமி யாரு பேர்ல இருக்குது?"
யார் பேரிலும் இல்லை என்றேன்.
யோசித்தார்.
"அப்ப புறம்போக்கு."

பக்கத் தகடு முழுசாக மூடவில்லை.
ஃபைல் கட்டும் ரப்பர் பேண்டு இரண்டு போட்டிருக்கிறேன்.
போகும்போது கூண்டை எடுத்துக்கொண்டார்.
தகரம் நல்ல கனம்,
கோழிக்குஞ்சைக் கவிழ்த்து வைக்க ஆகுமாம்.